பால்சா இருந்தால்தான் பறக்குமா?

மாதிரி விமானம் கட்ட விரும்பும் மாணவனுக்குப் பெங்களூரில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: பால்சா வாங்கு, வசதியிருந்தால் கார்பன் ஃபைபரும் வாங்கு. காக்ஸ் டவுனின் ஒற்றையறை வீட்டில் வளரும் பிள்ளைக்கு விமானம் அந்த வாக்கியத்திலேயே தரையிறங்கிவிடுகிறது. இயற்பியல் கேட்காத நுழைவுக் கட்டணத்தைப் பயிலரங்குகள் கேட்கின்றன.

இதில் சொற்குழப்பத்துக்கும் பங்குண்டு. தமிழில் 'இலேசு' என்பது எடைக்குறைவையும் எளிமையையும் ஒருங்கே குறிக்கும். 'நொய்ம்மை' எடைக்குறைவோடு வலுவின்மையையும் சேர்த்துச் சுமக்கும். அன்றாடப் பேச்சுக்கு இம்மயக்கம் தீங்கு செய்யாது, இறக்கைக்குச் செய்யும். இறக்கைக்கு வேண்டியது, தன் எடைக்கு ஒப்ப வளையாமல் நிற்கும் விறைப்பு. ஒரு தகட்டின் தடிமனை இருமடங்காக்கினால் அதன் வளைவெதிர்ப்பு எட்டு மடங்காகிறது. ஆகவே, அடர்த்தி குறைந்த பொருளை அதே எடைக்குள் தடிமனாக வைக்க முடிவதே ஆதாயம். பால்சாவின் புகழுக்கு மூலம் இதுவே. அந்த மரத்துக்கு வேறு மந்திரம் இல்லை.

பால்சா என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் இன்னொன்றையும் மறக்கின்றனர். அம்மரம் ஒரே எடையில் விளைவதில்லை. கனமீட்டருக்கு 100 கிலோ உள்ளதும் பால்சா; 200 கிலோ உள்ளதும் பால்சா. 1 மீட்டர் நீளமும் 10 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட தகடு முதலாவதில் 20 கிராம், இரண்டாவதில் 40 கிராம். தராசில் வைக்காமல் வாங்கியவர் விலையுயர்ந்த கனத்தை வாங்கியிருக்கக்கூடும்.

வரலாறும் இவர்கள் பக்கம் இல்லை. 1878இல் ரைட் சகோதரர்களுக்குத் தந்தை வாங்கித் தந்த பறக்கும் பொம்மை மூங்கில், தக்கை, தாள், ரப்பர் பட்டை ஆகியவற்றால் ஆனது. மாதிரி விமானக் கலையில் பால்சா பரவியது 1920களில்தான். 1940இல் முதன்முதலாகப் பறந்த மஸ்கிட்டோ போர்விமானத்தின் உடலில், ஒட்டுப்பலகை அடுக்குகளுக்கு நடுவே பால்சா வைக்கப்பட்டது. வெளித்தோல் இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்க, நடுப்பொருள் அத்தோல்களை விலக்கி நிறுத்தியது. இதே நெறியைத் தெர்மகோலைக் கொண்டும் நிறைவேற்றலாம். குளிர்சாதனப் பெட்டியோடு வந்து குப்பைக்குப் போகும் தெர்மகோலின் அடர்த்தி பெரும்பாலும் கனமீட்டருக்கு 15 முதல் 30 கிலோ. அதன் இருபுறமும் தாள் ஒட்டி, நடுவே மூங்கில் பிளாச்சு ஒன்றைப் பதித்தால் இறக்கை ஆயிற்று. மூங்கிலின் நார்கள் வெளிப்பட்டையை ஒட்டியே நெருங்கி இருப்பதால், பிளாச்சை அப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். பசையிலும் கவனம் வேண்டும்: உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் தெர்மகோலைக் கரைத்துவிடும், ஃபெவிகால் கரைக்காது, ஆயினும் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கண்டோன்மென்ட் பகுதியில் 'பாம்பூ பஜார்' என்று மூங்கிலின் பெயராலேயே ஓரிடம் உண்டு. அதே கண்டோன்மென்டின் வெள்ளை அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த 'சோலா' தொப்பி, சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் பெயர் பெற்றதன்று. நீரில் வளரும் ஒரு செடியின் வங்காளப் பெயர் அது. தமிழில் அச்செடி நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தனை எடையற்ற பொருள் கையெட்டும் தொலைவில் இருக்க, அதை ஒரு கிளைடரின் மூக்கிலோ இறக்கை முனையிலோ வைத்துச் சோதித்த பயிலரங்குகள் எத்தனை? வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று வானேறும் பெரும் பட்டங்களைக் கட்டுவோர் எந்த இறக்குமதிப் பட்டியலையும் எதிர்பார்த்து நிற்பதில்லை.

மலிவான பொருள் மலிவான கல்வியைத் தரும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அறைக்குள் பறக்கும் ரப்பர்விசைப் போட்டி விமானங்களில் பால்சாவுக்கு ஈடு காண்பது அரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடக்கநிலையில் மாணவன் கற்பது விழுதலின் வழியாகவே. விமானம் இருபது முறை மோதி, இருபது முறை ஒட்டப்பட வேண்டும். ஒரு மோதலுக்கு ஆயிரம் ரூபாய் ஆகுமென்றால் அவன் இரண்டாவது முறையே எறிய அஞ்சுவான். விலை தீர்மானிப்பது விமானத்தின் தரத்தை மட்டுமன்று. எத்தனை பிழைகளுக்கு அனுமதி உண்டு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இருபது பிழைகள், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கைத் திறமையின் அளவுகோலாக ஏற்க முடியாது.

பொருளினும் முதன்மையானது அது அமரும் இடம். சமநிலைப் புள்ளியிலிருந்து வால், மூக்கைவிட மும்மடங்கு தொலைவில் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் சேர்க்க நேரும். வாலில் அளவுமீறிப் பூசிய பசை, அங்கே பால்சா மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும். இதைக் கற்பிக்க எக்குவடோர் மரம் தேவையில்லை.

பயிலரங்கு நடத்துவோர் பொருட்பட்டியலின் முதல் வரியில் பால்சாவை நீக்கி, ஒரு சமையலறைத் தராசை எழுதட்டும். மூங்கில், தெர்மகோல், தாள், ஈர்க்கு, நெட்டி, பால்சா ஆகிய அனைத்தையும் மேசைமேல் பரப்பி, மாணவரே நிறுத்து, வளைத்து, உடைத்துத் தேரட்டும். எச்ஏஎல் 1940இல் எழுந்த நகரில், அதன் ஓசை கேட்டு வளரும் காக்ஸ் டவுன் பிள்ளைகளுக்கு அந்த மேசையில் இடம் வேண்டும்.