சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நேரடியாகவே கேட்கிறோம். அரசு மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் குடும்பத்துக்கு என்னென்ன உதவிகள் சேர வேண்டும், அவற்றை எங்கே போய், எந்தத் தாளைக் கொடுத்து வாங்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லும் வேலை யாருடையது? மருத்துவருடையதா, செவிலியருடையதா, காப்பீட்டு அறையில் இருப்பவருடையதா, ஆட்சியர் அலுவலகத்துடையதா? இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயரையோ ஒரு பதவியையோ சுட்டிக்காட்ட முடியாத நிலையில் துறை இருப்பது வெட்கக்கேடு.

திட்டங்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டமும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரை ஏற்கிறது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 34 வகை நீண்டகால நோய்களில் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழி இருக்கிறது. சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. தென்காசியிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு மாதாமாதம் வந்துபோகும் குடும்பத்துக்கு இது எத்தனை பெரிய உதவி! மருத்துவமனை கையெழுத்திட்டுத் தர வேண்டியது ஒரே ஒரு படிவம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் எத்தனை பேர்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் மேசையில் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒருசேர அறிந்தவர், நோயாளியின் கட்டிலருகே ஒருவரும் இல்லை.

தலைக்காயத்தோடு 108-ல் வந்து இறங்குகிறவரின் மனைவியை எண்ணிப் பாருங்கள். உள்ளே மருத்துவர்கள் உயிரைப் பிடித்து நிறுத்தப் போராடுகிறார்கள். அதில் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வெளியே அவரிடம் பேசுகிறவர்கள் யார்? "ஒருத்தர்தான் உள்ள போகலாம்" என்று காவலாளி பேசுகிறார். "ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க" என்று இன்னொருவர் பேசுகிறார். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று மூன்றாமவர் கேட்கிறார். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போகச் சொல்கிறார். ஊர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்து வீட்டில். கணவனுக்கு நினைவு திரும்பவில்லை. இந்த நிலையில் அந்தப் பெண் எந்தப் பேருந்தைப் பிடிப்பார்? தாலியை அடகு வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு என்ன வழியை விட்டுவைத்திருக்கிறது இந்தத் துறை?

இது எங்கோ ஒன்றிரண்டு குடும்பங்களின் கதையும் அல்ல. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். பிழைத்தும் பழையபடி எழுந்து நடமாட முடியாதவர்கள் எத்தனை வீடுகளில் கிடக்கிறார்கள் என்பதை அந்தந்தத் தெருவில் விசாரித்தால்தான் தெரியும்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் அந்த இடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் நம் கோபத்தை இரண்டு மடங்காக்குகிறது. மருத்துவமனை வாசல் டீக்கடையில் நிற்கிற புரோக்கர் எல்லாம் தெரிந்தவராக இருக்கிறார். "கேஸ் நான் பார்த்துக்கறேன், இதுல கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டுகிறார். வரப்போகும் இழப்பீட்டில் எத்தனை பங்கு அவர் கைக்குப் போகும் என்பது அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில்தான் தெரியும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்கிற சட்டத் திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் குடும்பம் வார்டில்தான் கிடக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். இந்த இரண்டு வரியை வார்டுச் சுவரில் எழுதிவைக்க என்ன தடை? புரோக்கருக்குத் தெரிந்த விவரத்தை அரசு தன் நோயாளியிடமிருந்து மறைத்து வைத்ததுபோல் நடந்துகொள்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

டிஸ்சார்ஜ் நாளன்று இதைவிடக் கொடுமை. மூக்கில் குழாய், சிறுநீர்ப் பை, ஒரு பக்கம் செயலிழந்த உடல். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எப்படி என்று செவிலியர் ஒருமுறை செய்து காட்டுகிறார். அவருக்கு அடுத்த கட்டிலில் வேலை காத்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்பதை யாராவது நிதானமாகச் சொன்னார்களா? கையில் கொடுத்தனுப்பும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்று அரசு பெருமையோடு விளம்பரம் செய்கிறது. அப்படியானால் இந்த நோயாளி இன்ன ஊருக்கு, இன்ன தேதியில் திரும்புகிறார் என்று அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெரிய மருத்துவமனை அன்றைக்கே தகவல் அனுப்ப வேண்டாமா? பல குடும்பங்கள் வீடு தேடி வரும் ஊர்ச் செவிலியரைப் பார்ப்பது படுக்கைப் புண் ஆழமாகிப்போன பிறகுதான். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குச் சான்றிதழ் வாங்க, படுத்துக் கிடப்பவரை ஆட்டோவில் மடியில் சாய்த்தபடி முகாமுக்குத் தூக்கி வருகிறார்கள். அவருக்கு மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்த அதே மருத்துவர்கள் அந்தச் சான்றுக்கான வேலையை வார்டிலேயே தொடங்கிவைக்க முடியாதா?

ஆள் இல்லை என்ற பதில் வரும். ஒப்புக்கொள்ள மாட்டோம். மருத்துவமனைக்குச் சமூகப் பணியாளர் வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய யோசனை அல்ல, பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946-லேயே ஒருவரை நியமித்துவிட்டார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கியது 1952-ல். அன்றிலிருந்து இந்த வேலைக்கென்றே படித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களைப் பெரிய தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டு வைத்துக்கொள்கின்றன. ஏழைக் குடும்பங்கள் வந்து குவியும் அரசு மருத்துவமனைகளிலோ, அந்தப் பணியிடம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. 104 உதவி எண் இருக்கிறதே என்பார்கள். எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதவர் எண்ணை அழைத்து என்ன கேட்பார்?

செய்ய முடியும் என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை 1966-ல் உருவாக்கினார். கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பக்கத்துக் கேரளம் 2008-லேயே வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, வீடு தேடிப் போகும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாயும் அறிவித்தது. தொகை மிகச் சிறிது. ஆனால் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதையாவது அரசு ஏட்டில் எழுதியது.

ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே அரசாணை பிறப்பிக்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், தகுதி பெற்ற சமூகப் பணியாளர்களைக் கொண்ட குடும்ப உதவி மையம் இரவு பகலாக இயங்க வேண்டும். கடும் நோயோடோ காயத்தோடோ ஒருவர் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்த மையத்திலிருந்து ஒருவர் குடும்பத்தைத் தேடி வார்டுக்கு வர வேண்டும். குடும்பம் அவரைத் தேடி அலையக் கூடாது. வருமானச் சான்றும் காப்பீட்டுப் பதிவும் மருத்துவமனைக்குள்ளேயே முடிய வேண்டும். வருவாய்த் துறை ஒத்துழைக்கவில்லை என்றால் தலைமைச் செயலாளர் தலையிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுப் பராமரிப்புக் குறிப்பும், கிடைக்கக்கூடிய உதவிகளின் விவரமும், ஊர்ச் செவிலியரின் தொலைபேசி எண்ணும் தமிழில் அச்சடித்துத் தரப்பட வேண்டும். அந்தத் தாளில் பொறுப்பு அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்தப் பணியிடங்களுக்கு எப்போது ஆள் எடுக்கப்போகிறார்கள் என்பதைத் துறைச் செயலாளர் தேதி குறிப்பிட்டு அறிவிக்கட்டும்.