புஸ்பாகோமில் கார் தேறவில்லையா? கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதே கேள்வி

மலேசியாவில் சொந்தக் கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு வாகனப் பரிசோதனை என்பது காரை விற்கும்போதோ வாங்கும்போதோ மட்டும் வந்து போகும் ஒரு வேலை. பெயர் மாற்றத்திற்கு பி5, தவணைக் கடனுக்கு பி7. அதோடு சரி. ஆண்டுதோறும் காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் தனியார் கார்களுக்கு இல்லை.

அதே பெஸ்ஸா, அதே சாகா இ-ஹெய்லிங் தொழிலில் இறங்கிவிட்டால் கதை வேறு. அத்தொழிலுக்கான விதிமுறைகள் 2019 ஜூலை 12ஆம் தேதி முழுமையாக நடப்புக்கு வந்ததிலிருந்து, மூன்று வயதைத் தாண்டிய கார் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனையில் தேறியாக வேண்டும். பள்ளி வேன், தொழிற்சாலைப் பேருந்து, லோரி ஆகியவற்றுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை.

இந்த வாகனங்களின் ஓட்டுநர் இருக்கையில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைத்தவர்கள் ஏராளம். தோட்டப்புறத்தில் இன்றும் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுசேர்ப்பது பல இடங்களில் ஒரே ஒரு வேன்தான். அந்த வேன் ஒரு வாரம் நின்றால் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் நிற்கும். ஆகவே பரிசோதனையில் தோல்வி என்பது ஓட்டுநர் ஒருவரின் தலைவலியோடு முடிவதில்லை.

தோல்வியின் விலை என்ன என்று பார்த்தால், பரிசோதனைக் கட்டணம் அதில் மிகச் சிறியது. இ-ஹெய்லிங் காருக்கு 55 வெள்ளி என்ற அளவில்தான் அது இருந்து வந்திருக்கிறது. ஓட்டுநர் ஒருவருக்கு எண்ணெய்ச் செலவு போக நாளொன்றுக்கு 150 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்மிட் காலாவதியாகி, கார் ஐந்து நாள் வாசலில் நின்றால் 750 வெள்ளி போயிற்று. பழுது பார்த்த செலவு தனி. காரின் மாதத் தவணையோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கடைசி நாளில் பரிசோதனைக்குப் போகிறவருக்குத் தோல்வி இடியாக விழுவது இதனால்தான். ஒரு மாதத்திற்கு முன்பே போய் வந்தவருக்கு அதே தோல்வி, பட்டறைக்குப் போக வேண்டிய ஒரு மதியப்பொழுது மட்டுமே.

பலர் செய்யத் தவறும் முதல் காரியம், கையில் கொடுக்கப்படும் அறிக்கையைப் படிப்பது. "ஃபெயில்" என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் உடைந்து, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே மெக்கானிக் தன் அனுபவத்தில் எதையோ மாற்றுகிறார். இரண்டாவது முறை போனால் மறுபடியும் தோல்வி. காரணம், அறிக்கையில் எழுதியிருந்தது வேறொன்று. அந்தத் தாளை மெக்கானிக்கின் கையில் கொடுத்து, அதில் குறித்திருப்பதை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். மலாய் வாசகம் புரியாவிட்டால் பரிசோதனை நிலையத்திலேயே கேட்டுவிட்டு வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கார்கள் தோற்கும் காரணங்களில் பெரும்பாலானவை எஞ்சின் இறக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. முன்விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல்பை மாற்றி, பிரகாசமான எல்இடி போட்டவர்களுக்கு வெளிச்சம் அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் அது எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிக்கும். பரிசோதனைக் கருவி பார்ப்பது விளக்கொளி எந்த உயரத்தில், எந்தப் பக்கமாக விழுகிறது என்பதையும்தான். சின்னத் திருகாணி ஒன்றைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய வேலை அது. கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளும் அப்படியே. 2019 மே மாதம் தளர்த்தப்பட்ட விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். கடைக்காரர் "இது ஜேபிஜே பாஸ்தான் அண்ணே" என்று சொல்வதை மட்டும் நம்பாமல், அளந்து காட்டச் சொல்லலாம். வடிவத்தை மாற்றி, எழுத்தை நெளித்து அடித்த எண் பட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசைக்குப் போட்டதைப் பரிசோதனைக்கு முன் கழற்றுகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு. பிரேக் சோதனையில் காரின் சக்கரங்களை உருளைகள்மேல் நிறுத்தி, இடது வலது இரண்டும் சமமாகப் பிடிக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்தால், மழை நாளில் நெடுஞ்சாலையில் திடீரென மிதிக்கும்போது கார் அந்தப் பக்கம் இழுக்கும். அன்றாடம் ஓட்டுகிறவருக்கு இது தெரிவதே இல்லை, ஏனென்றால் காரின் கோளாறுக்கு ஏற்றபடி கை தானாகப் பழகிவிடுகிறது. அப்சார்பர் தேய்மானமும் அப்படித்தான். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பழைய டயரைப் புதியது என்று தள்ளிவிடுகிற கடைகளிடம் ஏமாறாமல் இருக்க இந்த நான்கு எண் போதும்.

ஒன்றில் மட்டும் சொந்தமாகக் கை வைக்கக்கூடாது. சேசிஸ் எண் துருவேறி மங்கியிருந்தால் அதைச் சுரண்டவோ சாயம் பூசவோ வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாலும் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். அது நேராகச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கொண்டுபோக வேண்டிய விவகாரம்.

இனி, ஊரறிந்த குறுக்குவழிகள். பரிசோதனை நாளுக்கு மட்டும் நண்பரின் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், தேறியதும் மாலையே மொட்டை டயரைத் திரும்ப மாட்டுவது ஒன்று. இதில் ஏமாறுவது புஸ்பாகோம் அல்ல, பின்னிருக்கையில் உட்காரும் பயணியும் ஓட்டுகிறவரின் குடும்பமும்தான். வாகனத்தைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது காப்புறுதிப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. விபத்துக்குப் பின் டயரைப் பார்த்துவிட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் வாதாடுவது சுலபமில்லை.

இரண்டாவது, "பணத்தைக் கொடுங்கள், நான் பாஸ் பண்ணித் தருகிறேன்" என்று வரும் ரன்னர். சந்திப்பு நேரம் பதிந்து கொடுத்து, வரிசையில் நின்று காரைக் காட்டி வருவதற்குக் கூலி வாங்குகிறவரை யாரும் குறை சொல்லவில்லை. தோற்ற காரைத் தேறியதாகக் காட்டப் பணம் கைமாறினால் அது லஞ்சம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்கியவருக்குள்ள தண்டனை கொடுத்தவருக்கும் உண்டு. 20 ஆண்டு வரை சிறை, லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அது அபராதம். இருநூறு முந்நூறு வெள்ளி பிரேக் வேலையைத் தவிர்க்க எடுக்கும் துணிச்சல் இது.

கடுமை ஏன் என்று முணுமுணுப்பவர்கள் 2025ஐ நினைத்துப் பார்க்கலாம். மே 13இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டனர். ஜூன் 9இல் கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அதன்பின் வணிக வாகனங்கள்மீது அமலாக்கம் இறுகியது. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. இந்த இறுக்கம் தளரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 1994 முதல் நாடு முழுவதும் இப்பணியைத் தனியே செய்துவந்த புஸ்பாகோமின் ஏகபோக உரிமை 2024 ஆகஸ்டு 31இல் முடிந்தது. வேறு நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டுள்ளது. நிலையங்கள் பெருகினால் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்கும் நாட்கள் குறையும். சிறு ஊர் ஓட்டுநர்களுக்கு இது பெரிய நிம்மதியாக இருக்கும். ஆனால் போட்டி என்று வந்தபின், "அங்கே போனால் லேசாகத் தேறிவிடும்" என்று பெயரெடுத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும் நிலையமும் முளைக்கலாம். சிங்கப்பூரில் பல நிறுவனங்கள் பரிசோதனை செய்கின்றன. மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதைத் தாண்டியது ஆண்டுதோறும் தேற வேண்டும், இல்லையேல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. அங்கே அது நடைமுறையில் நிற்பதற்குக் காரணம் அந்த நிறுவனங்களின்மீது இருக்கும் கண்காணிப்பு. இங்கே ஜேபிஜே அதே கண்ணோடு இருக்குமா என்பதுதான் வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது.

ஓட்டுநர்கள் பக்கம் நியாயமான குறை ஒன்று மிச்சமிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோ சந்தா கட்டுகிறார்கள். அது வேலையில் ஏற்படும் காயத்துக்குக் கைகொடுக்கும், கார் நின்ற நாட்களுக்கு அல்ல. 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதாவும் பேசுவது வருமானம், தகராறு, சமூகப் பாதுகாப்பு பற்றியே. காரைப் பழுதுபார்க்கும் சுமை முழுக்க ஓட்டுநரின் முதுகில்தான். ஓட்டத்துக்கு ஓட்டம் கழிவு எடுக்கும் நிறுவனங்கள், பரிசோதனைக்கு முந்தைய மாதம் பட்டறைக் கழிவுச் சீட்டு ஒன்றாவது கொடுக்கலாம். ஓட்டுநர் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை அவரவர் கையில் இருப்பது நாள்காட்டிதான். பெர்மிட் முடியும் தேதிக்கு ஆறு வாரம் முன்பு தெரிந்த பட்டறையில் பிரேக், டயர், விளக்கு, அடிப்பக்க எண்ணெய்க் கசிவு நான்கையும் பார்த்துவிட்டு, நான்கு வாரம் முன்பு சந்திப்பு நேரத்தைப் பதிந்துகொள்ளலாம். பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் இரண்டு பரிசோதனைகளில் ஒன்றையாவது ஆண்டிறுதி விடுமுறையில் விழும்படி முன்கூட்டியே நகர்த்திக்கொண்டால், தோற்றாலும் பிள்ளைகள் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்காது.