கடலோரத்து மக்களுக்கு வண்டி எதற்கு?

கடலோரச் சிற்றூர்களுக்குப் பேருந்தும் புகைவண்டியும் வேண்டுமென்று கேட்டால், "ஏற ஆளில்லை, நட்டமே மிஞ்சும்" என்ற விடை ஆயத்தமாக வந்து விழுகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என நீளும் நம் கரையோர மக்கள் இவ்விடையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டனர். இது நியாயமான விடைதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இப்பகுதியின் இருப்புப்பாதை எவரோ இரங்கி இட்ட பிச்சையன்று. தஞ்சை ஜில்லா போர்டு நிலத்தின் மீது தனி வரி விதித்துத் திரட்டிய பணத்தைக் கொண்டு, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் இப்பாதையைத் திறந்தது. 1902இல் பட்டுக்கோட்டைக்கும், 1903இல் அறந்தாங்கிக்கும் அது நீண்டது. இம்மாவட்டத்துக் குடியானவன் தன் வரிப் பணத்தால் உண்டாக்கிய பாதை அது. முதல் போட்டவனின் பேரனைப் பார்த்து "உன்னால் எனக்கு என்ன இலாபம்?" என்று கேட்பது எவ்வகை நீதி?

அகலப்பாதைப் பணிக்காக 2012இல் திருவாரூர்-காரைக்குடி மார்க்கம் மூடப்பட்டது. முழுப் பாதையிலும் மீண்டும் வண்டி ஓட 2019 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. ஏழாண்டு என்பது, ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம். அப்படி வந்த வண்டியேனும் விரைந்து ஓடியதா? கடவுப்பாதைகளில் போதிய காவலர் இல்லை. வண்டியிலேயே பயணம் செய்த பணியாளர் இறங்கிக் கதவை மூடி, வண்டி கடந்ததும் திறந்து, மீண்டும் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆறு மணி நேரம் பிடித்தது! இவ்வாறு ஓட்டிவிட்டு ஆள் ஏறவில்லை என்பது, கடையைப் பூட்டி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்று கைவிரிப்பதை ஒக்கும். 2023 ஏப்ரலில் தாம்பரம்-செங்கோட்டை விரைவு வண்டி இவ்வழியே விடப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் தொலைதூர வண்டி ஒன்று, அன்றாடம் பட்டுக்கோட்டைக்கும் திருவாரூருக்கும் போய் வருவோரின் தேவையைத் தீர்த்துவிடாது.

பேருந்தின் கதையும் இதுவே. போக்குவரத்து மக்கள் பணி என்ற கொள்கையின் பேரில்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1972இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியதும் அக்கொள்கையால்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் பேருந்தே எட்டிப் பாராத ஊரின் பெண்ணுக்கு அச்சலுகையால் விளையும் பயன் யாது? மேற்படிப்பை நாடும் மகளை, மாலையில் வீடு திரும்ப வண்டியில்லை என்ற ஒரே காரணத்தால் நிறுத்திவிடும் குடும்பத்துக்கு யார் விடை சொல்வது?

நம் சமுதாயத்தாரிடமும் ஒரு சொல் உண்டு. சபுராளிகள் நிறைந்த ஊர்களில் வசதி படைத்தோர் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் போகின்றனர், காரிலேயே திரும்புகின்றனர். பேருந்து நின்றதா, வந்ததா என்பது அவர்கள் காதில் விழுவதில்லை. ஊரின் செல்வாக்குள்ளோர் கேளாதிருக்கும்போது அதிகாரிகளுக்கு மட்டும் எங்ஙனம் கேட்கும்? அதே தெருவில் பீடி சுற்றும் விதவையும், மீன் கூடை சுமக்கும் தாயும், 2018இல் கஜா புயலில் தென்னையை இழந்தவரும் இருக்கின்றனர். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியை வாடகைக் காரில் கொண்டு செல்ல அவர்களிடம் பொருளில்லை.

நாம் கேட்பவை மூன்றே. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நேரத்துக்கு ஏற்ற புகைவண்டிகள். புகைவண்டி வரும் நேரத்தில் நிலையத்திலிருந்து கடலோர ஊர்களுக்குப் புறப்படும் பேருந்துகள். இருட்டிய பின்னும் வீடு சேர்க்கும் ஒரு கடைசி வண்டி. இவை ஆடம்பரமல்ல. ஒவ்வோர் ஊரின் ஜமாஅத்தும், மீனவர் பஞ்சாயத்தும், வணிகர் சங்கமும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்கட்டும். தனித்தனியே கேட்ட குரல்களை ஒதுக்கியது போல், கடற்கரை முழுதும் சேர்ந்து கேட்கும் குரலை எவராலும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.