குசும்பும் குற்றமும்

"சிரிக்கத்தானே சொன்னோம்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, எத்தனை ஈட்டிகள் எறியப்படுகின்றன இந்த நாட்டிலே!

கொங்கு நாட்டுக்குப் பெருமைகள் பல. நூற்பாலை உண்டு, வார்ப்பாலை உண்டு, விசைத்தறி உண்டு. இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெருமை கோயம்புத்தூர்க் குசும்பு. மரியாதை குன்றாமல், 'ங்க' என்ற ஈறு மாறாமல், எதிரே நிற்பவரின் இறுமாப்பை ஒரே சொல்லில் இறக்கி வைக்கும் கலை அது. அதை நாம் வெறுப்பவர்கள் அல்லர். பகுத்தறிவு இயக்கம் வளர்ந்ததே பாதி சிந்தனையால், பாதி சிரிப்பால். மடமையை நோக்கிச் சிரித்தோம். மடங்களை நோக்கிச் சிரித்தோம். மன்னாதி மன்னர் என்று மார்தட்டியவர்களை நோக்கிச் சிரித்தோம். சிரிப்பு, எளியவனின் கையிலிருந்த கருவி.

அந்தக் கருவி இன்று யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது? இதுதான் கேள்வி.

மதுக்கரை, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த ஊர். சுண்ணாம்புக்கல் விளையும் மண். 1934-ஆம் ஆண்டிலேயே சிமெண்டு ஆலை எழுந்த இடம். அண்மையில் அங்கே தோழர்கள் சிலரைச் சந்தித்தோம். படிப்பு வட்டம் முடிந்து, தேநீர்க் கடையில் நின்றோம். நன்கு படித்த தோழர் ஒருவர், சமூக நீதி என்றால் சலிக்காமல் உழைப்பவர், 'வடக்கன்' பற்றிய நகைச்சுவை ஒன்றை எடுத்துவிட்டார். அதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. அழுக்கு, அறிவின்மை, பானிபூரி என்ற மூன்றையும் சுற்றிச் சுழல்வது அது. கூட்டம் சிரித்தது. நாமும் புன்னகைத்தோம்.

பக்கத்து விசிப்பலகையில், தலைமுடியெல்லாம் கல்தூசி படிந்திருக்க, பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் அமர்ந்திருந்தார். கடைக்காரரிடம் அவர் தமிழில்தான் தேநீர் கேட்டிருந்தார். ஆகவே நகைச்சுவை அவருக்கும் புரிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அவரும் சிரித்தார்.

"பாத்தீங்களா தோழர், அவரே சிரிக்கிறாருங்க! நம்ம நோக்கம் தப்பில்லீங்க" என்றார் நண்பர்.

நோக்கம்! அந்தச் சொல்லைத்தான் இன்று கூண்டிலே நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம்.

2017 ஏப்ரல் மாதம் நினைவிருக்கிறதா? தலைநகருக்கு அருகே ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்ட நேரம். இந்தியாவில் நிறவெறி இல்லை என்று மெய்ப்பிக்க வந்த தருண் விஜய் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், அயல்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சான்று காட்டினார். நாங்கள் நிறவெறியர்களாக இருந்தால், தமிழ்நாடு, கேரளம் முதலிய தென்னாட்டு மக்களுடன் எப்படி வாழ்ந்துகொண்டிருப்போம் என்பது அவர் வாதத்தின் சாரம்! கறுப்பர்கள் எங்களைச் சுற்றி இருக்கிறார்களே என்றார். திருக்குறளின் பெருமையை வடக்கே பரப்பியவர் அவர், தமிழரை இழிவுபடுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்றார், மன்னிப்பும் கேட்டார். நோக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், நமக்கு வலிக்காமல் போயிற்றா? 'எங்கள்' என்ற சொல்லுக்குள் நாம் இல்லை என்பது அந்த ஒரு நொடியில் அம்பலமாயிற்றே! கொதித்தோம். கொதித்தது சரி.

ஐந்தாண்டு கழிந்தது. 2022 மே மாதம், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே கோவையில் பானிபூரி விற்பவர்கள் யார் என்று கேட்டார் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி. இந்தித் திணிப்பை மறுப்பதே அவர் நோக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1938-லும் 1965-லும் சிறைபுகுந்தும் உயிர் ஈந்தும் காத்த கொள்கை அது. அதில் அணுவளவும் நாம் பின்வாங்கோம். ஆனால், தோழர்களே, அன்று நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுச் சிரித்தோம்? கொதித்தவர்கள் எத்தனை பேர்?

அம்பு எய்தது டில்லியை நோக்கி, தைத்தது தள்ளுவண்டிக்காரரை! இந்தியைத் திணித்தவரா அவர்? பீகாரிலிருந்து வருவோரின் வீட்டு மொழி பெரும்பாலும் போஜ்புரி, மைதிலி, மகஹி. மைதிலிக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்ததே 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். போஜ்புரிக்கு அந்த இடமும் இல்லை. அதை இந்தியின் கிளை என்று கணக்கெழுதி விழுங்கிவிட்டார்கள். இந்தி ஆதிக்கத்தால் தாய்மொழியை இழந்து நிற்பவரையே இந்தி ஆதிக்கத்தின் முகவர் என்று எள்ளுவது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது?

மேலும், பானிபூரி விற்பது இழிவா? உழைத்து உண்பது இழிவென்று நமக்குக் கற்பித்தவர்கள் யார்? தொழிலை வைத்து மனிதனை அளப்பது மனுவின் முழக்கோல் அல்லவா? அதையா நாம் கையிலெடுப்பது!

நம்மவர் பட்டதை நாமே மறக்கலாமா? தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களை வெள்ளையர் 'சாமி' என்று அழைத்தனர். பெயர்களின் ஈற்றில் அச்சொல் வரக் கண்டு, எல்லாருக்கும் அதையே சூட்டினர். 'சாமி என்றால் எசமான் என்று பொருள். நான் உங்கள் எசமான் அல்லவே' என்று துணிந்து பதில் கூறிய இந்தியர்களும் இருந்தனர் என்று காந்தியார் தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள்: தலைவன் என்று பொருள்படும் சொல்லே வசைச்சொல்லாக மாறியது! அப்படி அழைத்த வெள்ளையர் அனைவரும் வன்மத்தோடுதான் அழைத்தார்களா? இல்லை. பலருக்கு அது வெறும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள்தான் ஒரு முழு ஆட்சியின் ஆணவமும் ஒளிந்திருந்தது.

இலங்கையின் மலையகத் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்றனர். பம்பாயில் 1966-இல் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டார் கட்டிய வேட்டியும் லுங்கியும் கேலிப் பொருளாயின. கேலிக்குப் பின்னாலேயே கல்லும் தடியும் வந்தன. சிரிப்பு முன்னே நடந்து வழி காட்டும். வன்முறை பின்னே வரும். வரலாறு காட்டும் வரிசை இது.

இவ்வளவு கூறியபின், 'நோக்கம் என்பதையே தூக்கி எறிந்துவிடலாமா?' என்று கேட்கும் இளைஞர் இருப்பர். கூடாது. குறிப்பாக, நாம் அதைச் செய்யவே கூடாது.

ஏனெனில், பகுத்தறிவாளனைச் சிறையினின்று காக்கும் சொற்களில் ஒன்று நோக்கம். 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-அ என்ற பிரிவு நுழைந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. மத உணர்வைப் புண்படுத்திவிட்டான் என்று எவரேனும் கூவினால் மட்டும் அதன்படி குற்றமாகாது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தான் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1957-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லுபடியாகும் என்று ஏற்றபோதும், அந்த வரம்பைச் சுட்டித்தான் ஏற்றது. மனம் புண்பட்டது என்ற ஒன்றே போதும் என்றால், மூடநம்பிக்கையைச் சாடும் ஒவ்வொரு மேடையும் குற்றவாளிக் கூண்டாகிவிடும். அதுமட்டுமா? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-ஆம் ஆண்டுச் சட்டம், அதுவும் இழிவுபடுத்தும் நோக்கத்தைக் கேட்கிறது. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், ஒரு சாதியின் பெயர் பெயராக இருப்பது வேறு, அதையே ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் வசையாக வீசுவது வேறு என்று பிரித்துக் காட்டி, இரண்டாவது அச்சட்டப்படி குற்றமே என்றது உச்ச நீதிமன்றம்.

ஆகவே, ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் முன் நோக்கம் என்ன என்று கேட்பது நீதி. அதில் மாறுபாடில்லை.

ஆனால், சட்டத்தின் கேள்வி ஒன்று. மனசாட்சியின் கேள்வி வேறொன்று. 'என்னைத் தண்டிக்கலாமா?' என்பது முதற் கேள்வி. 'நான் செய்தது என்ன?' என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு உரிய விடையை எடுத்து இரண்டாவதற்குச் சொல்லித் தப்பிப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

கல் உடைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கல்குழியில் வெடி வைக்கிறார் ஒருவர். சில்லு பறந்து வழிப்போக்கரின் நெற்றியைப் பிளக்கிறது. 'உன்னை அடிப்பது என் நோக்கமல்ல' என்கிறார் வெடி வைத்தவர். உண்மை, கொலைகாரன் என்று அவரைக் கூறமாட்டோம். ஆனால் வழிந்த குருதி நின்றுவிடுமா? எச்சரிக்கை ஒலி கொடுத்தாயா, சிவப்புக் கொடி காட்டினாயா, சுற்றுமுற்றும் பார்த்தாயா என்று கேட்கமாட்டோமா? 'உன் நெற்றி ஏன் இவ்வளவு மென்மை?' என்று அடிபட்டவரைக் கேட்பது அறிவுடைமையா?

இதையும் சொல்வோம்: நடந்ததை அறிந்த பின்னும், மறுநாள் அதே இடத்தில், கொடியில்லாமல், ஒலியில்லாமல் அதே வெடியை வைத்தால், இனி 'நோக்கமில்லை' என்ற பேச்சு எடுபடாது. முதல் முறை அறியாமை. அறிவித்த பின்னும் தொடர்ந்தால், அதுவே நோக்கம். ஒருவரின் நெஞ்சைப் பிளந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால், வலிக்கிறது என்று சொல்லப்பட்ட பின் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கும் கண் இருக்கிறது. நோக்கத்தை அறியும் அளவுகோல் அதுதான்.

அப்படியானால் கடவுளரையும் கதைகளையும் கேலி பேசுகிறோமே, பக்தருக்கு வலிக்கிறதே, அதை நிறுத்துவோமா என்று எதிர்த்தரப்பார் மடக்குவர். மடங்கமாட்டோம். கருத்தை மனிதன் கழற்றி வைக்கலாம். பிறப்பைக் கழற்ற முடியாது. நாத்திகன் கருத்தையும் கேலி செய்யட்டும், வரவேற்போம். நிறத்தை, சாதியை, பிறந்த மண்ணைக் கேலி செய்யும்போது, அங்கே விவாதிக்க ஒன்றுமில்லை. குனிய வைப்பது மட்டுமே உண்டு. ஆயினும் நம் தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை: நம்பிக்கையைச் சாடுகிறோம் என்று கிளம்பி, நம்பும் ஏழையையோ பெண்ணையோ இழிவுபடுத்தினால், அது பகுத்தறிவு அன்று; பகுத்தறிவின் உடை உடுத்திய பழைய ஆணவம்.

பொதுமக்கள் சினத்துக்கும் ஒரு சொல். மாற்றார் வாய் தவறினால் மலையளவு சினம். நம்மவர் வாய் தவறினால் 'திரித்துவிட்டார்கள்' என்ற சமாதானம்! இத்தகைய சினம் அறச்சினம் அன்று, கட்சிக்கணக்கு. 'எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று 'இருந்தால்' போட்டுத் தரும் மன்னிப்பும் மன்னிப்பு அன்று. 'புண்படுத்தினேன், இனிச் செய்யேன்' என்பதே மன்னிப்பு. அப்படிக் கூறுபவரை மீண்டும் மீண்டும் கல்லெறிந்து துரத்துவதும் நம் வேலையன்று. திருத்துவதற்கே சினம், தீர்த்துக்கட்டுவதற்கு அல்ல.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. பொய் என்று அரசும் காவல்துறையும் எடுத்துக்காட்டின. எனினும் தொழிலாளரிடையே அச்சம் பரவியது. பொய்யைப் பரப்பியவர்கள் குற்றவாளிகள், ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய்யை ஒரு தொழிலாளி ஏன் நம்பினார் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோமா? நாள்தோறும் தேநீர்க் கடையில் தம்மைப் பற்றி எழும் சிரிப்பைக் கேட்டவருக்கு, நாளை தடி எழும் என்பது நம்பக்கூடியதாகத்தானே இருந்திருக்கும்!

மீண்டும் மதுக்கரைக்கு வருகிறோம். பழங்காலத்தில் எல்லை மதில் ஒன்று நின்றதால் அப்பெயர் வந்தது என்போர் உண்டு. இன்று அங்கே மதில் இல்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆள் ஏற்றிவரும் தொடர்வண்டிகள் அவ்வழியே கேரளம் போகின்றன. மதில் இருந்தால், அது நம் நாக்கில்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தொழிலாளி ஏன் சிரித்தார்? தேயிலைத் தோட்டத்தில் துரையின் கேலிக்கு நம் பாட்டன் சிரித்தானே, அதே காரணத்துக்காக. சிரிக்காமல் இருக்க வசதியில்லாதவனின் சிரிப்பு அது. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார் நண்பர். நண்பரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. நாமும் புன்னகைத்தோம். அந்தப் புன்னகையில் தீய நோக்கம் ஏதும் இல்லை; உறுதியாகச் சொல்வோம். ஆனால் அவர் அதைப் பார்த்தார்.

தோழர்களே, குசும்பை விட்டுவிடாதீர்கள்; அது கொங்கு மண்ணின் செல்வம். ஆனால் வீசுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: எதிரே நிற்பவர் நமக்கு மேலே நின்று மிதிப்பவரா, பக்கத்தில் அமர்ந்து உழைப்பவரா? மிதிப்பவர் என்றால் தயங்காமல் வீசுங்கள். உழைப்பவர் என்றால், அவர் குடிக்கும் தேநீருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். அவர் தாய்மொழியின் பெயரைக் கேளுங்கள். அடுத்த முறை மதுக்கரை செல்லும்போது நாம் செய்யவிருப்பதும் அதுவே.