எழுபது வயதுக்கு என்ன பரிசு?

கொழுக்கட்டை மேல்மாவு வெடிக்காமல் இருக்கப் போன இதழில் நான் சொன்ன யோசனை பலித்தது என்று பல சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு வெடித்தே போயிற்று" என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குள் மாவைக் கொட்டியிருப்பீர்கள் அம்மா. அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இந்தத் தடவை அடுப்படி விஷயம் இல்லை. என் அம்மாவுக்கு இந்த ஆவணியோடு 70 வயது நிறைந்தது. அவளுக்கு என்ன பரிசு வாங்குவது என்று தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தைத்தான் எழுதப் போகிறேன்.

அம்மாவுக்குப் புதுக்கோட்டை ஜில்லா, ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா காலமான பிறகும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று தனியாகத்தான் இருக்கிறாள். அவளுக்குப் புடவையில் ஆசை கிடையாது, நகையில் கிடையாது, டி.வி. சீரியலில்கூடக் கிடையாது. சைக்கிள்தான் எல்லாம்! ரேஷனுக்கு, பாங்கிக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, துக்கம் விசாரிக்க, எதற்கும் சைக்கிள். மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு வேலையும் இல்லாமல் கண்மாய்க்கரை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். கேட்டால், "தண்ணி எவ்வளவு வந்திருக்குன்னு பார்த்தேன்" என்பாள்.

இந்தப் பைத்தியம் 1991-ல் பிடித்தது. அப்போது எங்கள் ஜில்லாவில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், டீச்சர்கள், நர்ஸுகள், அங்கன்வாடிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்கே தட்டுப்பாடு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆம்பளை சைக்கிளில் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒரு சௌகரியமும் உண்டு. முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியை அடித்தபடி புதுக்கோட்டை டவுனையே ஒரு கலக்குக் கலக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் அம்மாவும் ஒருத்தி. அப்போது வயது 36. கேலி பேசியவர்களின் வீட்டுப் பெண்களே அடுத்த மாசம் "எனக்கும் கத்துக் குடு" என்று வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தம்பி முன் பாரில், நான் பின் கேரியரில், ஹேண்டிலில் இரண்டு பக்கமும் பை. அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

சரி, பரிசு விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குப் போயிருந்தபோது தம்பியும் நானும் கூடிப் பேசினோம். அவனுக்குச் சென்னையில் வேலை. "70 வயசுக்குச் செயின் போட்டுடலாம்க்கா" என்றான். எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. கியர் வைத்த புது சைக்கிளாக வாங்கி, அன்றைக்குக் காலையில் வாசலில் நிறுத்தி அம்மாவை அசத்த வேண்டும் என்று என் யோசனை.

மாட்டுப் பொங்கலன்று அம்மா பானை இறக்கும்போது வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். என்ன என்று கேட்டதற்கு, "வாய்வுப் பிடிப்பு" என்றாள். பக்கத்து வீட்டு மதினிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை மார்கழியில சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலையா?" என்று போட்டு உடைத்தாள்.

தம்பிக்கு வந்ததே கோபம்! "இனிமே சைக்கிளே கூடாது. இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்துட்டா யாரு பார்க்கிறது? சைக்கிளை இன்னிக்கே யாருக்காவது கொடுத்துடு. செயின் நான் போடறேன்." அம்மா சத்தம் போடவில்லை. "செயினைப் போட்டுக்கிட்டு நான் எங்கப்பா போறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். சைக்கிளை எடுத்துவிட்டால் மாத்திரை வாங்குவதற்குக்கூட அவள் யாரையாவது எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தம்பி சொன்னதிலும் தப்பில்லை. எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. என்னவர்தான், "விழுந்தது ஏன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். அட, கேட்கவே இல்லையே!

மாசி மாதம் நான் மட்டும் போய் ஒரு வாரம் தங்கினேன். அம்மா சைக்கிள் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் மடங்கி மேலே மேலே வருகிறது. சீட் அடிவரை இறங்கியிருந்தது. கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்க வேண்டும். அதுதான் கணக்கு. சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் பாரமெல்லாம் முழங்காலின் முன்பக்கத்தில் விழும். "வயசாச்சு, முட்டி வலிக்குது" என்று அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளே, அதில் பாதிக்கு சீட்டுதான் காரணம். ஊர் சைக்கிள் கடையில் சொல்லி அரை அங்குலம், அரை அங்குலமாக உயர்த்தினோம். வயதானவர்களுக்கு ஒரேயடியாக உயர்த்திவிடக் கூடாது. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையில் ஊன்ற வேண்டும்.

பிரேக்கோ, பழைய கம்பி பிரேக். கட்டை தேய்ந்து, பிடித்தால் 'கீச்' என்று கத்துமே தவிர வண்டி நிற்காது. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் இன்னும் மோசம். விழுந்த அன்று தூறல் வேறு.

ஆனாலும் முக்கியமான காரணம் அது இல்லை. ஒரு நாள் அந்தி மயங்கும் நேரம் நானும் அவளும் ரோட்டோரம் நடந்து வந்தோம். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். அம்மா சட்டென்று நின்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "வெளிச்சம் வந்தா பூவாணம் மாதிரி சிதறுதும்மா. வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியலை" என்றாள். மார்கழியில் விழுந்ததும் அப்படித்தானாம். எத்தனை நாளாக என்று கேட்டால், ஒரு வருஷமாக! எங்களிடம் சொன்னால் சைக்கிளைப் பிடுங்கிவிடுவோம் என்று பயந்து சொல்லவில்லை. இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டையை அடைத்தது. நாமெல்லாம் அக்கறை என்று நினைத்துப் போடும் அதட்டலில் பெரியவர்கள் எதையெல்லாம் மறைக்கிறார்களோ!

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். வலது கண்ணில் முற்றியிருந்தது. "வெயில் காலத்தில் கண் ஆபரேஷன் ஆகாது" என்று எங்கள் பெரியம்மா தடுத்தாள். சீசனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்கிறார்கள். சித்திரையில் ஒரு கண், வைகாசிக் கடைசியில் இன்னொரு கண். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் சைக்கிளைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அம்மா பத்தியம் இருப்பது மாதிரி இருந்தாள்.

அந்தச் சாக்கில் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துவிட்டோம். டெக்ஸா ஸ்கேன் என்று பெயர். வலி கிடையாது, சும்மா படுத்திருந்தால் போதும். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒரு தடவையாவது எடுத்துப் பார்ப்பது நல்லது. அம்மாவுக்கு மைனஸ் 1.9 வந்தது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்புப் புரை. அம்மா நடுவில் இருக்கிறாள். எனக்கு ஒரே ஆச்சரியம். 30 வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தவளுக்கா எலும்பு பலம் குறையும்? டாக்டர் விளக்கினார். சைக்கிள் இதயத்துக்கும் கால் தசைக்கும் நல்லது. ஆனால் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. எலும்புக்கு நடக்க வேண்டும், படி ஏற வேண்டும். ஆகவே இப்போது காலையில் அரைமணி நடை. தினமும் கேழ்வரகுக் கூழோ அடையோ உண்டு (100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது). மாத்திரை டாக்டர் சொன்னபடி.

ஆடி மாதம் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்து வந்து, கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அசத்துவதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். ஆளைக் கூட்டிப் போகாமல் சைக்கிள் வாங்குவது, அளவு எடுக்காமல் ரவிக்கை தைக்கிற கதைதான்.

கடைப் பையன் எடுத்த எடுப்பில் 21 கியர், முன்னால் ஷாக் அப்சார்பர், தடித்த டயர் என்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் பார் குறுக்கே உயரமாகப் போகிறது, மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை. புடவைக்காரி ஏறினால் முந்தானை செயினுக்குத்தான். எங்கள் ஊர் சமதரை. அங்கே 21 கியருக்கு என்ன வேலை? நல்லவேளை, என் பழைய யோசனைப்படி வாங்கியிருந்தால் அது கொல்லையில் துணி காயப்போடத்தான் உபயோகப்பட்டிருக்கும்.

என்னவர் பாட்டரி சைக்கிளைக் காட்டினார். மோட்டார் 250 வாட்ஸுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மேடான ஊரில் இருப்பவர்களுக்கும் காலில் பலம் குறைந்தவர்களுக்கும் நல்ல பரிசுதான். ஆனால் கனம் அதிகம். அம்மா கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நான் இதை ஓட்டலை, இதுதான் என்னை ஓட்டுது" என்று இறங்கிவிட்டாள்.

கடைசியில் அவளே தேர்ந்தெடுத்தது, கால் வைத்து ஏறும் இடம் நன்றாகத் தாழ்ந்த, கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். செயினை முழுக்க மூடும் கவர். பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் வலை. அகலமான சீட் (மெத்தென்று அமுங்குவது நல்லதில்லை, தூரம் போனால் வலிக்கும்). முன்னால் கூடை, பின்னால் கேரியர். பிரேக் பிடியை அவள் விரலுக்கு எட்டும்படி திருகி நெருக்கி வைக்கச் சொன்னேன். எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அதோடு முன்னும் பின்னும் பாட்டரி விளக்கு. பழைய டைனமோ டயரில் உரசி மிதியைக் கனமாக்கும். நின்றால் விளக்கும் நின்றுவிடும்.

கடைக்காரர் பில்லுக்குப் பெயர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "உன் பேருதாம்மா" என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவள் கற்றுக்கொண்டது வாடகை சைக்கிளில். பிறகு ஓட்டியது அப்பாவின் சைக்கிள். அதற்கப்புறம், சித்தப்பா மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. இத்தனை வருஷத்தில் அவள் பெயரில் ஒரு சைக்கிள் இருந்ததே இல்லை. பில்லை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். பிறகு மணியை அடித்துப் பார்த்து, "சத்தம் பத்தாது, வேற போடுங்க தம்பி" என்றாள்.

ஹெல்மெட்டுக்குத்தான் பெரிய சண்டை. "ஊர் சிரிக்கும்" என்றாள். அதோடு கொண்டை இடிக்கிறது. கழுத்தோடு தாழ்வாக முடிந்துகொண்டால் சரியாக உட்காருகிறது. புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்க வேண்டும், நாடாவைத் தாடைக்குக் கீழே மாட்ட வேண்டும், ஒரு தடவை பலமாக அடிபட்டால் வேறு வாங்க வேண்டும் என்றெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். மெயின் ரோட்டில் போடுகிறாள். ஊர் எல்லை வந்ததும் கழற்றிக் கூடையில் போட்டுவிடுகிறாள் என்று மதினி சொல்கிறாள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஆவணியில் அந்த நாளன்று தம்பி குடும்பத்தோடு வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். பாயசம் சாப்பிட்ட பிறகு அம்மா கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பி வந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டயரை அமுக்கிப் பார்த்து, "பின்னாடி காத்துக் கம்மியா இருக்கு" என்று பம்பைத் தேடினான். செயினும் வாங்கித்தான் வந்திருந்தான். அதை அம்மா பேத்தி கழுத்தில் போட்டுவிட்டாள்.

பழைய சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். முடியாது என்றுவிட்டாள். புது பிரேக் கட்டை போட்டு, பெண்ட் எடுத்து, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறாளாம். எனக்காம். "தீபாவளிக்கு வரும்போது ரெண்டு பேருமா கண்மாய் வரைக்கும் போவோம்" என்று நேற்றுப் போனில் சொன்னாள். நான் சைக்கிளைத் தொட்டு 20 வருஷம் ஆயிற்று.