கருவி வந்தாயிற்று, திட்டம் எங்கே?



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாகத் தவறாமல் எழும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "அடுத்த பள்ளியில் வகுப்புதோறும் திறன்பலகை பொருத்திவிட்டார்கள். நம் பள்ளிக்கு எப்பொழுது?" என்பதே அது. உடனே நன்கொடை விருந்து, சட்டமன்ற உறுப்பினருக்கு மனு, முன்னாள் மாணவர்களிடம் நிதி என யோசனைகள் அடுக்கடுக்காக வரும். கேட்பவர்களின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. தம் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது எனும் அக்கறையே அவர்களைப் பேச வைக்கிறது. ஆயினும், எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்தக் குறையைப் போக்க அந்தக் கருவி வருகிறது எனும் கேள்வி அக்கூட்டங்களில் அரிதாகவே எழுகிறது.

ஒரு பள்ளியின் தொழில்நுட்பத் திட்டம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். கருவியின் பெயர் அத்திட்டத்தின் கடைசி வரியில்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு நம் நாட்டின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவமே போதிய சான்று.

கடந்து வந்த பாதை

விவேகப் பள்ளித் திட்டம் 1999ஆம் ஆண்டு 87 பள்ளிகளில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. அதற்கென உருவாக்கப்பட்ட பாட மென்பொருள்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே உரியவை. தமிழ்மொழிப் பாடத்திற்கு அதில் இடமில்லை. பின்னர், 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினி, எல்.சி.டி. படவீழ்த்தி, பாடக் குறுவட்டுகள் ஆகியவை வந்து சேர்ந்தன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவை அரசு 2009ஆம் ஆண்டு அறிவித்தது. பாடமொழி மாறியதும், நான் பணியாற்றிய பள்ளியில் அந்த ஆங்கிலக் குறுவட்டுகள் அலமாரிக்குள் அடைக்கலம் புகுந்தன.

அடுத்து, 2011ஆம் ஆண்டு மற்றொரு பெருந்திட்டம் வந்தது. நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்குவது அதன் நோக்கம். 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. ஓராண்டுகூட நிறையவில்லை, 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன.

எவர் மீதும் பழி சுமத்துவதற்காக இவற்றை எடுத்துரைக்கவில்லை. இம்முயற்சிகள் யாவற்றிலும் ஒரே வரிசைமுறையைப் பள்ளியில் இருந்த நாங்கள் கண்டோம். முதலில் கருவி வரும். பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ பயிற்சி வரும். 'இதைக் கொண்டு எதைக் கற்பிப்பது?' எனும் கேள்வி கடைசியில் வரும்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கலன்று. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கியதால் பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது முன்னேற்றம் தெரிந்தாலும், கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலம் காட்டிய உண்மை

பள்ளிகள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவி வைத்திருந்தோரில் பெரும்பாலாரிடம் இருந்தது திறன்பேசி மட்டுமே. தோட்டப்புறத்திலும் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் நம் பிள்ளைகளின் நிலையை நாம் நேரில் கண்டோம். தந்தையார் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகே, ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்தனர்.

அந்த நெருக்கடியில் எனக்கு மிகவும் கைகொடுத்தது விலையுயர்ந்த தளம் எதுவுமன்று. புலனத்தில் வந்த குரல்பதிவுதான். என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாள்தோறும் ஒரு பத்தியை வாசித்துப் பெற்றோரின் கைப்பேசி வழியே அனுப்பினர். வகுப்பறையில் 28 பேர் ஒருமித்து வாசிக்கும்போது எவர் நாவில் ழகரம் பிறக்கவில்லை என்பது ஆசிரியரின் செவிக்கு எட்டாது. தனிக்குரலில் ல, ள, ழ பிழையும் ர, ற மயக்கமும் தெள்ளத் தெளிவாகக் கேட்டன. வகுப்பில் வாய்திறவாத கூச்சமுள்ள பிள்ளைகள் சிலர், வீட்டில் நான்கைந்து முறை பயின்ற பிறகு அழகாக வாசித்து அனுப்பினர். பள்ளி திறந்த பின்னரும் அம்முறையை நான் விடவில்லை. நாளுக்கு ஐந்து மாணவர் என முறைவைத்துக் கேட்டுவருகிறேன். செலவு ஏதுமில்லை.

இதனை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், இங்கே முதலில் இருந்தது ஒரு கற்றல் குறை. அதற்கேற்ற கருவி பிறகு வந்தது. வரிசைமுறை மாறியதும் விளைவும் மாறியது.

தமிழ்ப்பள்ளிக்கே உரிய ஒரு தேவை

பிற பள்ளிகளின் திட்டத்தைப் படியெடுத்தால் நம் திட்டத்தில் விடுபட்டுப் போகும் ஒன்று உண்டு. அது தமிழ்த் தட்டச்சு. ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் நம் மாணவருள் எத்தனை பேர் ஒரு பக்கக் கட்டுரையைத் தமிழில் தாமே தட்டச்சு செய்வர்? முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாடு நடந்தது கோலாலம்பூரில். இத்தகைய நாட்டில் நம் பிள்ளைகள் தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவது வருந்தத்தக்கது.

1999ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையைக் கவனியுங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்து வரிசை வலப்பக்கம். 'க' விசையை அடுத்து 'இ' விசையை அழுத்தினால் 'கி' தோன்றும். 'க' விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்து தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். உயிர்மெய் எழுத்து பிறக்கும் முறையைக் கரும்பலகையில் கற்பிக்கிறோமே, அதையே விரல்கள் மீண்டும் பயில்கின்றன. ஆங்கில ஒலிவழித் தட்டச்சிலோ ல, ள, ழ வேறுபாட்டிற்கு வேற்றுமொழி எழுத்துகளின் குறியீட்டை நினைவில் கொள்ள வேண்டும். நான்காம் ஆண்டு தொடங்கி வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். பள்ளிக் கணினிக் கூடத்தில் எஞ்சியிருக்கும் பழைய கணினிகளே இதற்குத் தாராளம். தட்டச்சு பழகிய மாணவன், தான் எழுதிய கட்டுரையை அழிப்பானால் தேய்க்காமல், பத்தியை இடம் மாற்றித் திருத்தி எழுதக் கற்றுக்கொள்வான். கட்டுரைப் பயிற்சியில் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே பக்கத்தில் ஒரு திட்டம்

கல்வி அமைச்சு 2023ஆம் ஆண்டு இலக்கவியல் கல்விக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை நாட்டிற்குப் பொதுவானது; திட்டமோ ஒவ்வொரு பள்ளியும் தனக்கென வகுக்க வேண்டியது. அதற்குத் தடித்த ஆவணம் தேவையில்லை. பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு ஒரே பக்கத்தில் விடை எழுதினால் போதும்.

1. எந்த ஆண்டு மாணவர்களின் எந்தக் கற்றல் குறையைப் போக்க விழைகிறோம்?

2. அதனைப் புத்தகம், அட்டை, கூடுதல் வாசிப்பு ஆகியவற்றால் போக்க இயலாதா? இயலுமெனில் கருவி எதற்கு?

3. எந்த ஆசிரியர், வாரத்தில் எத்தனை பாடவேளை பயன்படுத்துவார்? பழகிக்கொள்ள அவருக்கு நேரம் எங்கே? 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளில் ஒருவரே வகுப்பாசிரியர், புறப்பாடப் பொறுப்பாளர், கணினிப் பொறுப்பாளர் என எல்லாமாக இருக்கிறார். அவர் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றுமுன் வேறொன்றை இறக்கிவைக்க வேண்டாவா?

4. உத்தரவாதக் காலம் முடிந்த பின் பழுது பார்ப்பவர் யார்? படவீழ்த்தியின் விளக்கு, இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா ஆகியவற்றுக்கான பணம் எங்கிருந்து வரும்?

5. ஓராண்டு கழித்து எதைக் கொண்டு மதிப்பிடுவோம்? பயன் இல்லையெனில் நிறுத்தும் துணிவு நமக்கு உண்டா?

வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். அழிவது எது, ஆவது எது, பின்னால் விளையும் ஊதியம் எது என ஆராய்ந்த பிறகே செயலில் இறங்க வேண்டும் என்று அவர் கூறியது அரசனுக்கு மட்டுமா? நன்கொடைப் பணத்தைக் கையாளும் நமக்கும் அது பொருந்தும்.

மறுப்பவர்களுக்கு ஒரு சொல்

"ஐயா, இப்படி ஆராய்ந்துகொண்டே இருந்தால் பெற்றோர் நம்மை நாடி வருவார்களா?" எனத் தலைமையாசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. முதலாம் ஆண்டு மாணவர் பதிவு குறைந்துவரும் இக்காலத்தில், வாயிற்பதாகையில் திறன்பலகைப் படம் இடம்பெறுவது ஒரு கவர்ச்சிதான். அவர்களின் நெருக்கடியை நான் அறிவேன். கருவியே வேண்டா என்று நான் வாதிடவுமில்லை. அறிவியல் பாடத்தில் இதயம் இயங்கும் முறையைப் படக்காட்சியாகக் காட்டும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதை எந்த ஆசிரியர் மறுப்பார்?

ஆனால் பெற்றோர் ஒருமுறை பதாகையைப் பார்த்து வருவர். ஆண்டு முழுவதும் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டே பள்ளியை எடைபோடுவர். இரண்டாம் ஆண்டில் தடுமாறாமல் வாசிக்கும் பிள்ளையும், நான்காம் ஆண்டில் தமிழில் தட்டச்சு செய்து பாட்டிக்குச் செய்தி அனுப்பும் பிள்ளையும் ஒரு பள்ளிக்குத் தேடித்தரும் நற்பெயரைப் பதாகை தேடித்தராது.

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் திறன்பலகைக்கு நிதி கேட்டால் மறுக்க வேண்டா. அந்த ஒரு பக்கத்தைக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள். திரட்டும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பு நம்முடையது. நம் வகுப்பில் எந்தப் பிள்ளை எங்கே இடறுகிறது என்பதை விற்பனையாளர் அறியார்; நாம் அறிவோம்.