ஜெட் லாக்குக்கு வீரம் உதவாது

எங்கள் சொந்தத்தில் ஒரு வேதவாக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து யார் வந்தாலும் சொல்வார்கள். "வந்த அன்னிக்கு மட்டும் தூங்காம சமாளிச்சுட்டா போதும், ஜெட் லாக் ஓடிப் போயிடும்." சொல்பவர்களில் பாதிப் பேர் தாம்பரம் தாண்டாதவர்கள் என்பது வேறு விஷயம் :-)

போன ஜூனில் அக்கா கல்யாணத்துக்கு நியூ ஜெர்சியிலிருந்து சித்தப்பா வந்தார். விடிகாலை மீனம்பாக்கத்தில் இறங்கினார். குளித்து, இட்லி சாப்பிட்டு, மதியம் காரை அவரே எடுத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினார். "பகல்லதானே ஓட்டறேன், என்ன பயம்?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். மேல்மருவத்தூர் தாண்டி, கொளுத்துகிற வெயிலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கார் மீடியனில் ஏறி நின்றது. சித்தி கையில் மாவுக்கட்டோடு கல்யாணத்துக்கு வந்தார். அவ்வளவோடு போனது.

அப்போதும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மனசுல தெம்பு வேணும்பா, இவனுக்கு வில் பவர் போதாது."

அய்யா, பெரியவர்களே, கணக்குப் போடுங்கள். நான் பி.காம். படிப்பவன், கழித்தல் எனக்கு வரும். ஜூனில் நியூ ஜெர்சி நமக்கு 9½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் மதியம் 2 மணி, சித்தப்பாவின் உடம்புக்கு விடிகாலை 4½. உடம்பின் சூடு அடிமட்டத்துக்கு இறங்கி, தூக்கம் ஆளை அமுக்குகிற நேரம் அதுதான். வெளியே வெயில் அடித்தால் உள்ளேயும் பகல் என்று அர்த்தமில்லை.

இந்தக் கடிகாரம் கற்பனை இல்லை. மூளையில் ஹைப்போதலாமஸில் தலைமைக் கடிகாரமே இருக்கிறது. செல்லுக்குள் அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் அது நகரும். 9½ மணி நேரத்தை ஒரே நாளில் வில் பவரால் தள்ளுவேன் என்பது, ஒரு வருஷ அக்கவுண்டன்சியைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி முடிப்பேன் என்பது மாதிரி. முடிவு என்ன ஆகும் என்று என் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும்.

அடுத்த அறிவுரை, "காலையில நல்லா வெயில்ல நில்லு". கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதுதான் விஷயம். கோடையில் லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறவருக்கு உடம்பின் 4½ மணி என்பது இங்கே காலை 9. அவர் கடிகாரம் முன்னால் நகர வேண்டும். 9 மணிக்கு மேல் படுகிற வெயில் அதை முன்னால் தள்ளும். 6 மணிக்கே மெரினாவில் வாக்கிங் போனால் அது பின்னால் போகும்! அவர் அதுவரை வீட்டுக்குள் இருப்பதே நல்லது. "ஃப்ளைட்ல ரெண்டு பெக் போட்டுத் தூங்கு" என்பது இதைவிட மோசம். சரக்கு தூங்க வைக்கும், ஆனால் பாதியில் எழுப்பியும் விடும். கடிகாரத்தை ஒரு நிமிஷம்கூட நகர்த்தாது.

விமானம் ஓட்டி வந்த பைலட்டுக்குக் கட்டாய ஓய்வு என்று சட்டமே இருக்கிறது. அதே விமானத்தில் வந்த நம் ஆளுக்கு மட்டும் இறங்கியதும் கார் சாவி. ஆபீஸ் காரியமாகப் போகிறவருக்கு அன்றைக்கே மீட்டிங். ஒரு நாள் ஓட்டல் வாடகையை மிச்சம் பிடித்ததாக நினைப்பு. தூக்கத்தைச் செலவுக் கணக்கில் எழுதாததால் வருகிற பொய் லாபம் அது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தூரதேசத்திலிருந்து வருகிறவர் கையில் முதல் மூன்று நாளாவது ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். ஒரு டிரைவரைப் போடுங்கள். கண் சொக்கினால் அரை மணி நேரம் தூங்க விடுங்கள். முக்கியமான முடிவு எதையும் அன்றைக்கே கேட்காதீர்கள்.

அந்த டிரைவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்திருந்தால் போதும், சித்தி கல்யாண ஆல்பத்தில் இரண்டு கையாலும் கும்பிட்டிருப்பார்.